அடுத்த வருசமும் இந்தக் காணி நம்ம கையிலா? இராகலைச் சரிவு ஒன்றில் மண்ணை மீட்கும் விவசாயம்: நிகழ்வு ஆய்வு

மலையகத்தில் மரக்கறி பயிரிடுபவருக்கு மண்ணரிப்பைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழை விட்ட மறுநாள் தன் பாத்தி மண் கீழ்க்காணிக்காரரின் கானில் (வடிகாலில்) குவிந்து கிடப்பதைப் பார்ப்பவர் அவர். அதை அள்ளிக் கூடையில் சுமந்து மேலே கொட்டுபவரும் அவரே. இருந்தும் அடுத்த போகத்தில் மறுபடி மேலிருந்து கீழாகவே பாத்தி பிடிக்கிறார். அறுவடை முடிந்த நிலத்தைப் புல்லில்லாமல் செதுக்கி வெறுமையாக விடுகிறார். ஏற்கெனவே பொஸ்பரசு தேங்கிக் கிடக்கும் மண்ணில் இன்னொரு மூட்டை உரத்தைப் பிரிக்கிறார். இதையெல்லாம் அறியாமை என்று எடுத்துக்கொண்ட திட்டங்கள் பயிற்சிப் பட்டறை நடத்தி, கைநூல் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போயின. அறியாமை காரணமல்ல என்ற இடத்திலிருந்துதான் நாங்கள் தொடங்கினோம்.

இடம், நுவரெலியா மாவட்டத்தில் இராகலைக்கும் உடப்புசல்லாவைக்கும் நடுவே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் டிவிசன் (பிரிவு). காணி பற்றிய பேச்சு இன்னும் முடியாததால் தோட்டத்தின் பெயரையோ ஆட்களின் பெயரையோ இங்கே எழுதவில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே, கிழக்கு நோக்கிய சரிவு. அட்டன், மஸ்கெலியா பக்கம் வைகாசியில் தொடங்கி நனையும்போது இங்கே பெரிய மழை இருக்காது. ஒக்டோபரில் இடைப்பருவ மழையாக ஆரம்பித்து, வடகீழ்ப் பருவக்காற்றோடு ஜனவரி வரை பெய்வதுதான் இந்தச் சரிவின் மழை. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று மேல்மண்ணைத் தூசியாக்கிக் கொண்டுபோகும். ஆக, வருடத்தில் சில மாதம் நீர் மண்ணை அள்ளுகிறது, சில மாதம் காற்று அள்ளுகிறது. இப்போது மழை வரும் நாள் தள்ளிப்போகிறது, வந்தால் ஒரே மூச்சாகக் கொட்டுகிறது என்று இங்குள்ள வயதானவர்கள் சொல்கிறார்கள்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குப் பின்னால், தேயிலை கைவிடப்பட்ட மேட்டு நிலத்தில் குடும்பங்கள் மரக்கறி போடுகின்றன. பெரும்பாலானவை 20 முதல் 40 பேர்ச்சஸ் வரையான துண்டுகள். உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட், கோவா, போஞ்சி. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள் மாலையில் இறங்கி வேலை செய்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆண்கள் பகலில் பார்த்துக்கொள்கிறார்கள். விளைச்சல் நுவரெலியா, கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையங்களுக்குப் போகிறது. நாட்கூலி வீட்டுச் செலவுக்குப் போதாத குடும்பங்களில் பிள்ளைகளின் பாடசாலைச் செலவும் நகை மீட்பும் இந்தத் துண்டுகளிலிருந்துதான் வருகின்றன. அதனால் இங்கே ஒரு போகம் தவறுவது சிறிய விசயமல்ல.

2021 விட்டுச்சென்ற பயம்

நாங்கள் இந்தச் சரிவுக்குப் போனது 2022இன் தொடக்கத்தில். அதற்கு முந்தைய வருடம் மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் அது விலக்கப்பட்டது. இடையில் போன போகம் போனதுதான். 2021இல் நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறக்குறைய 30 கோடி கிலோ. 2022இல் அது ஏறக்குறைய 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. தடை விலகிய பிறகும் டொலர் இல்லாததால் உர விலை எட்டாத உயரத்தில் நின்றது. இந்த நிலையில் சேதனப் பசளை, இயற்கை முறை என்று யார் வாயெடுத்தாலும் காது கொடுக்க ஆளில்லை. அந்தக் கோபம் நியாயமானது. அதை இறக்கிவைக்கச் சொல்வது எங்கள் வேலையல்ல என்று முதலிலேயே முடிவெடுத்தோம்.

தடை ஏன் தோற்றது என்பதை விவசாயிகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். 50 கிலோ யூரியா மூட்டையில் உள்ள நைதரசன் 23 கிலோ. நன்றாகச் செய்த கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்குதான் நைதரசன். அப்படியானால் ஒரு மூட்டைக்கு ஈடாக ஒன்றரை முதல் இரண்டேகால் தொன் வரை கூட்டெரு வேண்டும். பச்சிலைகளில் சத்து மிகுந்ததாகச் சொல்லப்படுவது பாதையோரமெல்லாம் மஞ்சளாய்ப் பூக்கும் காட்டுச் சூரியகாந்தி. அதன் உலர்ந்த இலையில் நூற்றுக்கு மூன்றரை பங்கு நைதரசன் உண்டு. ஆனால் பச்சையாக வெட்டும்போது பெரும்பகுதி தண்ணீர். ஒரு மூட்டை யூரியாவுக்கு ஏறக்குறைய நாலு தொன் பச்சிலை வெட்டிச் சுமக்க வேண்டும். மேலும், குளிர்ந்த மலையில் அது உக்கிச் சத்தாக மாறவும் நாட்கள் ஆகும். யார் சுமப்பது? கொழுந்துக் கூடையை இறக்கிய அதே முதுகுதான். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு ஒரு அக்கா, "இத அப்பவே யாராச்சும் எழுதிக் காட்டியிருக்கலாமே" என்றார். கூட்டத்தில் எங்கள்மேல் முதல் நம்பிக்கை பிறந்தது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். உரத்தை முற்றாக நிறுத்தச் சொல்ல வந்தவர்கள் அல்ல என்று அவர்களுக்குப் புரிந்தது.

மீளுருவாக்க வேளாண்மை என்று இன்று சொல்லப்படுவதில் இரசாயன உரத்தை ஒரே நாளில் தூக்கி எறிவது அடிப்படையே அல்ல. மண்ணை மூடி வைப்பது, வேர் இல்லாத நாளைக் குறைப்பது, ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போடாதிருப்பது, கால்நடையின் எருவை நிலத்துக்குத் திருப்புவது, கிளறுவதைக் குறைப்பது: இவைதான் அதன் உள்ளடக்கம். இவை நடந்தால் உரத்தின் தேவை படிப்படியாகக் குறையும். உரத்தை முதலில் பிடுங்கிவிட்டு மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று எதிர்பார்த்ததுதான் 2021இல் நடந்தது.

ஏன் மேலிருந்து கீழாக?

சரிவுக்குக் குறுக்கே பாத்தி பிடி என்று விவசாயப் போதனாசிரியர்கள் பல தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். மண் பாதுகாப்புச் சட்டமே 1951இலிருந்து இருக்கிறது. ஆனால் குறுக்குப் பாத்தியில் மழைநீர் தேங்கும். தேங்கினால் லீக்ஸ் அழுகும், கிழங்கில் வாடல் நோய் பரவும். மேலிருந்து கீழாகப் போட்டால் மண் போகும், பயிர் நிற்கும். இந்தப் போகத்துப் பயிரா, பத்து வருடத்து மண்ணா என்றால், கடன் வாங்கி விதைக்கிழங்கு போட்டவர் பயிரைத்தான் தேர்ந்தெடுப்பார். அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்வேன்.

மண் எவ்வளவு போகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. 40 பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர். அதில் ஒரேயொரு மில்லிமீட்டர் மேல்மண் போனாலே ஒரு கன மீட்டர், அதாவது ஒரு தொன்னுக்கு மேல். ஒரு மில்லிமீட்டரை யாரும் கவனிக்க மாட்டார்கள். அதனால் சில காணிகளின் அடியில், கானின் முடிவில் குழி வெட்டி, மழைக்குப் பிறகு அதில் தங்கிய மண்ணை உரச்சாக்குகளில் நிரப்பி வரிசையாக வைத்தோம். சாக்கு வரிசையைப் பார்த்த பிறகு குறுக்குப் பாத்தி வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் நின்றது. தண்ணீரைத் தேக்காமல் எப்படிக் குறுக்கே போடுவது என்ற பேச்சு தொடங்கியது.

அதற்கு விடை தேயிலையிலேயே இருந்தது. தேயிலை மலையில் கான் வெட்டுவது சரிவுக்குக் குறுக்கேதான், ஆனால் மட்டமாக அல்ல. நூறு அடி நீளத்துக்கு ஏறக்குறைய ஒரு அடி இறக்கம் கொடுத்து, தண்ணீர் ஓடாமல் நடக்கிற மாதிரி வெட்டி, கல் பதித்த பெரிய கானில் சேர்ப்பார்கள். இந்த வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்த ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் டிவிசனில் இருந்தார். மூன்று கம்பு, ஒரு கயிறு, ஒரு கல் கொண்டு செய்யும் முக்கோணச் சட்டத்தால் மட்டம் பார்ப்பதை நாங்கள் காட்டினோம். அதை எந்த அளவு சாய்த்தால் தண்ணீர் மண்ணை எடுக்காமல் வடியும் என்பதை அவர் காட்டினார். பாத்திகளும் அதே இறக்கத்தில் அமைந்தன. வடியும் நீர் போய்ச் சேரும் கான்களில் மானாப்புல் நட்டார்கள். பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தை மறுபடி நடும் முன் தேற்றுவதற்குத் தோட்டங்களே மானாவும் குவாத்தமாலாப் புல்லும் போடுவது வழக்கம் என்பதால் நாற்றுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு பழக்கத்தை மாற்றுவது இதைவிடக் கடினமாக இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கோப்பித் தோட்டத்திலிருந்தே புல்லில்லாத நிலம்தான் நல்ல நிலம் என்பது மலையகத்தில் ஊறிப்போன எண்ணம். செதுக்கிப் பளிச்சென்று வைத்திருப்பவரே சுறுசுறுப்பானவர். காய்ந்த புல்லும் இலையும் மூடிய பாத்தி, பார்ப்பவர் கண்ணுக்குச் சோம்பேறியின் பாத்தி. மண்ணை மூடி வைத்த முதல் குடும்பத்தைப் பற்றி லயத்தில் ஒரு மாதம் பேச்சு நடந்தது. அந்தக் குடும்பத்து மருமகள் அதைத் தாங்கிக்கொண்டாள் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் அந்தத் துணிச்சலுக்கு இடம் ஒதுக்குவதில்லை.

காணி யாருடையது

பாத்திக்கு இலை வெட்டிப் போட வேலி மரம் நடலாம் என்ற பேச்சு வந்தபோதுதான் உண்மையான தடை வெளியே வந்தது. கங்காணி நேராகவே கேட்டார்: "மரம் வைக்கிறது நல்லதுதான் தம்பி. மூனு வருசம் கழிச்சு அது எல கொடுக்கும்போது இந்த எடம் நம்ம கையில இருக்குமா? தொர (தோட்ட முகாமையாளர்) மாறினா எல்லாம் மாறும்."

இந்தக் கேள்விக்கு வரலாறு இருக்கிறது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இலிருந்து பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அவற்றைக் குத்தகைக்கு நடத்துகின்றன. தலைமுறைகளாக அந்த மண்ணில் உழைத்தவர்களுக்கு அதில் ஒரு பேர்ச்சஸ்கூட எழுத்தில் இருக்கவில்லை. 7 பேர்ச்சஸ் வீட்டுக் காணி என்ற வாக்குறுதி சிலருக்கு நிறைவேறியது, பலருக்கு இன்னும் இல்லை. மரக்கறித் துண்டோ வெறும் வாய்ச்சொல் அனுமதி. எழுத்தில் இல்லாததால் கமநல சேவை நிலையத்தின் பதிவில் இவர்கள் விவசாயிகளாக இல்லை. பதிவு இல்லாததால் உர மானியம் இல்லை, பயிர்ச் சேதம் வந்தால் நட்டஈடும் இல்லை. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவு செய்யச் சட்டம் வழிவிட்டதே 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகுதான்.

அடுத்த வருடம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் யாரும் மரம் நடமாட்டார்கள். போஞ்சி தொண்ணூறு நாளுக்குள் காசாகும். வேலி மரம் வெட்டுக்கு வர இரண்டு, மூன்று வருடம். மண்ணின் கரிமம் கூடுவதற்கு அதைவிடக் கூடுதல் காலம். மண்ணை மீட்கும் முறைகள் எல்லாமே செலவை இன்றும் பலனை நாளையும் வைப்பவை. அந்த நாளை யாருக்கு உரியது என்று தீராமல் எத்தனை பட்டறை நடத்தினாலும் பயனில்லை. இந்த ஆய்வில் நான் சொல்ல வந்ததில் பெரும்பகுதி இதுதான்.

தோட்ட நிர்வாகத்தோடு பேச எங்களுக்கு உதவியது ஒரு மதகு. மரக்கறிச் சரிவிலிருந்து இறங்கும் மண் ஒவ்வொரு மழைக்கும் தோட்டப் பாதையின் மதகை அடைத்தது. கொழுந்து ஏற்றும் லொறி நின்றது. அடைப்பை எடுக்க நிர்வாகம் ஆள் போட்டுக் கூலி கொடுத்துக்கொண்டிருந்தது. மண் மேலேயே நின்றால் அந்தச் செலவு மிஞ்சும் என்பதை உரச்சாக்கு வரிசையைக் காட்டி விளக்கினோம். உரிமை பற்றிப் பேசினால் கதவு மூடியிருக்கும், மதகைப் பற்றிப் பேசியதால் திறந்தது. பல மாத இழுபறிக்குப் பிறகு 2022 இறுதியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கடிதம் கிடைத்தது: ஐந்து வருடத்துக்குப் பயிரிடலாம், நிற்கும் பயிரை அழிக்கச் சொல்ல முடியாது, நட்ட மரத்தைக் காட்டி உரித்துக் கோர முடியாது. உறுதிப்பத்திரத்துக்கு இது எந்த வகையிலும் ஈடல்ல. ஆனாலும் கடிதம் வந்த அதே மழைக்காலத்தில் கன்று நடவு தொடங்கியது. அதுவரை இழுத்தடித்த அதே ஆட்கள்தான் நட்டார்கள். கடிதங்களைப் பெண்களின் பெயரிலும் எழுத வேண்டும் என்று டிவிசன் பெண்கள் கேட்டார்கள். பாதிக்குக் குறைவான கடிதங்களில்தான் அது நடந்தது.

எது நின்றது, எது நிற்கவில்லை

மனதை முதலில் மாற்றியது மிச்சமான காசு. விவசாயத் திணைக்கள ஆய்வுகூடத்துக்கு மண் அனுப்பிப் பரிசோதித்தபோது, நெடுங்காலம் மரக்கறி போட்ட துண்டுகளில் பொஸ்பரசு தேவைக்கு மேல் இருந்தது. மலைநாட்டு மரக்கறி நிலங்களில் இது பரவலாகக் கண்டறியப்பட்ட விசயம். போகம் தவறாமல் டி.எஸ்.பி. என்ற பொஸ்பரசு உரமும் கோழி எருவும் சேர்ந்து போனால் வேறென்ன ஆகும்? அந்தத் துண்டுகளுக்கு டி.எஸ்.பி.யை நிறுத்தச் சொன்னோம். உர விலை உச்சத்தில் இருந்த நேரம் அது. முதல் போகத்திலேயே செலவு குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. அதிலிருந்து மண் பரிசோதனைக்கு ஆள் தேடி வரத் தொடங்கினார்கள். புளிப்பு மிகுந்த துண்டுகளுக்கு டொலமைட் போட்டது, யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போட்டது இரண்டும் சத்தமில்லாமல் நிலைத்துவிட்டன.

வேலி மரத்தில் ஒரு பாடம் உண்டு. சரிவு நில விவசாயத்துக்கான இலங்கைக் கைநூல்களில் கிளிரிசீடியாதான் எங்கும். தாழ்ந்த, நடுத்தர உயரங்களில் அது அருமையான மரம். ஆனால் இந்தக் குளிரில் அது சோம்பிப்போகும். அதனால் தேயிலை மலைக்குப் பழக்கமான டடப்ஸ் மரத்தையும் காட்டுச் சூரியகாந்தியையும் வரிசையாக நட்டோம். இலையைத் தூக்கிச் சுமக்காமல், வரிசையிலேயே வெட்டிப் பக்கத்துப் பாத்தியில் போடுவதுதான் ஏற்பாடு. நாலு தொன் கணக்கு எங்கள் எல்லாருக்கும் நினைவிலிருந்தது.

ஆனால் வரம்புகளில் மிக உறுதியாக நின்றது நாங்கள் பரிந்துரைத்த எதுவுமல்ல. வெட்டிவேர் நட்டவர்கள் பலர் அடுத்த வருடம் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். மாடு வைத்திருந்த குடும்பங்கள் வரம்பில் சி.ஓ.3 தீவனப் புல்லை நட்டன. அது பாத்திக்கு நிழல் விழுத்தும், வேரால் சத்தை இழுக்கும் என்று நாங்கள் தயங்கினோம். அவர்கள் தயங்கவில்லை. தினமும் மாட்டுக்கு அறுப்பதால் வரம்பு தினமும் பராமரிக்கப்பட்டது. பால் சேகரிப்பு நிலையத்தில் காசு வந்தது, சாணம் பாத்திக்கு வந்தது. மாடு இருக்கும் குடும்பத்தின் வரம்பில் இன்றும் இடைவெளி இல்லை. இதைப் பார்த்த பிறகு, மாடில்லாத குடும்பங்கள் தங்கள் வரம்புப் புல்லை மாட்டுக்காரருக்குக் கொடுத்துச் சாணம் வாங்கும் கொடுக்கல் வாங்கலுக்கு உதவினோம். வேறெந்தச் செலவும் இந்த அளவுக்குப் பலன் தரவில்லை.

காய்ந்த புல்லாலும் இலையாலும் பாத்தியை மூடும் மூடாக்கு அரைகுறையாகத்தான் நின்றது. மாசி, பங்குனி வெயிலிலும் கச்சான் காலத்திலும் அது ஈரத்தைப் பிடித்துவைத்தது, ஊற்றும் தண்ணீர் குறைந்தது. மழைக்காலத்தில் அதே மூடாக்குக்கு அடியில் நத்தைகள் பெருகி இளங் கோவாக் கன்றுகளைத் தின்றன. மண்புழு சேர்ந்த பாத்தியைத் தேடிக் காட்டுப்பன்றி வந்து ஒரே இரவில் உழுதுவிட்டுப் போனது. இப்போது விவசாயிகள் தாங்களே ஒரு முறை வகுத்திருக்கிறார்கள்: கோவா, லீக்ஸ் நாற்று வேரூன்றும்வரை மூடாக்கு இல்லை, போஞ்சிக்கும் வெயில்காலப் பயிருக்கும் உண்டு. பன்றிக்கு இன்னும் தீர்வில்லை. கிழங்கைத் தோண்டும் முள்ளம்பன்றிக்கும் இல்லை.

கடன் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வியாபாரி விதைக்கிழங்கும் உரமும் மருந்தும் ஒரே கட்டாகக் கடனுக்குக் கொடுக்கிறார், விளைச்சலை அவரே எடுத்துக் கழிக்கிறார். கட்டில் உள்ள உரத்தை வேண்டாம் என்று சொல்ல விவசாயிக்கு வழியில்லை. மண் பரிசோதனைத் தாள் டி.எஸ்.பி. வேண்டாம் என்றாலும் கடன் கணக்கில் டி.எஸ்.பி. ஏறிவிட்டிருக்கும். இந்த முடிச்சை அவிழ்த்தது பெண்கள் பிடித்த சீட்டு. விதை வாங்கும் மாதத்தில் விழும்படி சீட்டை அமைத்துக்கொண்டார்கள். விதைக்குக் கையில் காசு இருந்தவர்கள் உரத்தைத் தாங்களே தீர்மானித்தார்கள். எல்லாராலும் சீட்டுக் கட்ட முடியவில்லை என்பதும் உண்மை. டிவிசனில் மிக வறிய குடும்பங்கள், மண்ணை மீட்க மிக அவசியமான செங்குத்துத் துண்டுகளில் இருப்பவர்கள், பெரும்பாலும் வெளியேதான் நின்றார்கள்.

முதல் போக நட்டத்துக்கு நாங்கள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். காணியில் பாதியில் மட்டும் புதிய முறை. அந்தப் பாதி மற்றப் பாதியைவிடக் குறைவாக விளைந்தால் வித்தியாசத்துக்கு விதை கொடுப்பதாக எழுதிக் கொடுத்தோம். சிலருக்குக் கொடுக்கவும் வேண்டியிருந்தது. கொடுத்ததால் அவர்கள் விலகவில்லை. விவசாயியிடம் துணிந்து முயன்று பார் என்று சொல்பவர் அந்தத் துணிச்சலின் விலையில் ஒரு பங்கைத் தானும் ஏற்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. வேலைக்குக் கொழும்பு போன இளைஞர்களின் காணிகளில் வேலை நின்றுபோனது. அவை இப்போது மறுபடி புல்லாகக் கிடக்கின்றன.

டித்வாவுக்குப் பிறகு

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை வந்தது. நாடெங்கும் 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்காத எங்கள் மக்கள் மறுபடி அதே பயத்தில் பாடசாலைகளில் படுத்தார்கள்.

இங்கே ஒரு விசயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது. மேல்மண் அரிப்பும் மண்சரிவும் வேறு வேறு. புல் வரம்பும் வேலி மரமும் மேல்மண்ணைப் பிடிக்கும். பல மீட்டர் ஆழத்தில் நீர் ஏறி மலையே நழுவும்போது அவற்றால் எதுவும் செய்ய முடியாது. அதைவிட முக்கியமானது, சரியக்கூடிய நிலத்தில் மழைநீரைக் குழி வெட்டித் தேக்குவது ஆபத்தைக் கூட்டும். நீர் சேமிப்பு நல்லது என்று பொதுவாகச் சொல்லப்படுவது அங்கே தலைகீழாகும். எங்கள் சரிவின் மேற்பகுதியில் மரங்கள் சாய்ந்தும் பழைய வெடிப்பின் தடயங்களோடும் இருந்த பட்டியில் தேக்குக் குழி எதுவும் வெட்டவிடவில்லை. நீரை விரைவாக வெளியேற்றும் கான் மட்டும். நிலத்தில் புது வெடிப்பு, திடீரென்று புது ஊற்று, ஊற்றுநீர் கலங்குவது, மரமும் தூணும் சாய்வது: இவற்றில் எதைக் கண்டாலும் காணியை விட்டுவிட்டு வெளியேறி, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் கிராம சேவகருக்கும் சொல்ல வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே கூட்டங்களில் பேசி வந்தோம். அந்த மேல்பட்டிக்குக் கீழே இருந்தவர்கள் மழையின் முதல் இரவே வெளியேறினார்கள்.

பயிர் விசயத்தில், மேலிருந்து கீழாகப் பாத்தி இருந்த துண்டுகளில் கிழங்கு வேரோடு வெளியே கிடந்தது. இறக்கம் கொடுத்துக் குறுக்கே போட்ட பாத்திகளிலும் கரை உடைந்த இடங்கள் உண்டு, ஆனால் பெரும்பகுதி நின்றது. மண் நின்றாலும் சந்தை நிற்கவில்லை. பாதைகள் மூடிக் கிடந்த நாட்களில் அறுத்த லீக்ஸும் கோவாவும் லயத்து வாசலிலேயே அழுகின. பதிவில் உள்ள விவசாயிக்கு நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்க ஒரு வழி இருந்தது, எங்கள் குடும்பங்களுக்கு அந்தப் படிவமே இல்லை.

அதனால் இப்போது வேலை இரண்டு இடத்தில் நடக்கிறது. ஒன்று, தோட்டக் கடிதத்தையே ஆதாரமாக ஏற்று இந்தக் குடும்பங்களைக் கமநல சேவை நிலையத்தில் பதியும்படி கேட்டு, காணி வரைபடத்தோடு பட்டியல் கொடுத்திருக்கிறோம். அந்த அலுவலகத்து விவசாயப் போதனாசிரியர் நேரில் வந்து பார்த்தார், சிங்களத்தில் பேசிய அவருக்குப் பாடசாலைப் பிள்ளைகள் மொழிபெயர்த்தார்கள். முடிவு மேலிடத்தில் இருக்கிறது. மற்றது, 2027 இறுதியில் முடியும் ஐந்து வருடக் கடிதத்தை இப்போதே நீட்டிக்கும் பேச்சு. இம்முறை டிவிசன் பெண்கள் தங்கள் பெயர் ஒவ்வொரு கடிதத்திலும் இருக்க வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாக எழுதியிருக்கிறார்கள். டித்வாவில் உடைந்த வரம்புகளைக் கட்டுவதற்கு மானாப்புல் நாற்று வேண்டும் என்று கேட்டவர்களில், முதலில் சேர மறுத்த குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களுக்கான நாற்றை மாடு வைத்திருப்பவர்களின் வரம்பிலிருந்தும் பழைய கான்களிலிருந்தும் பிரித்தெடுத்து, ஒக்டோபர் மழைக்கு முன் நட்டு முடிப்பதாக ஏற்பாடு.